திருச்சபைக்குப் புதியவர்களை அழைப்பதும் ஊடகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையின் ஊடகப் பொறுப்பைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில், சுற்றுவட்டாரத்திலும் புதுச்சேரியிலும் உள்ள சிறிய சபைகளின் ஆயர்களும் செயலர்களும் வாலிபர் ஐக்கியத்தினரும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஆராதனை என்று நான் எழுதும் இடத்தில் கத்தோலிக்க வாசகர்கள் திருப்பலி என்றும், ஆயர் என்னும் இடத்தில் பங்குத்தந்தை என்றும் கொள்ள வேண்டுகிறேன்.

யூடியூப், ஃபேஸ்புக் ஆகியவற்றைப் பார்த்து மக்கள் உண்மையிலேயே ஆலயத்துக்கு வருகிறார்களா?

வருகிறார்கள், ஆனால் அவற்றை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் மிகச் சிலரே. எங்கள் சபையில் புதிதாக வந்து நிலைத்தவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார், கூட வேலை பார்ப்பவர் அழைத்துவந்தார், மகளின் பள்ளித் தோழியின் அம்மா சொன்னார் என்றுதான் பெரும்பாலும் விடை வந்தது. அப்படி ஒருவர் அழைத்த பிறகு, வருவதா வேண்டாமா என்று தயங்கும் அந்தச் சில நாள்களில்தான் அவர்கள் கைப்பேசியை எடுத்து நம்முடைய காணொளியைப் பார்க்கிறார்கள். என்ன உடுத்திக்கொண்டு போகிறார்கள், செருப்பை வெளியே விடுகிறார்களா, எவ்வளவு நேரம் நடக்கும், பாதியில் எழுந்து போக முடியுமா, முன்னே கூப்பிட்டு ஏதேனும் கேட்பார்களா என்பவையே அவர்களுடைய கவலைகள். நாம் ஒரு மணி நேரப் பிரசங்கத்தை ஏற்றி வைத்திருக்கிறோம். அவர்களோ வாசற்படி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஆகவே, வாயிலிலிருந்து உள்ளே நடந்துபோய் ஒரு பெஞ்சில் உட்காரும் வரையில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி ஒன்றை முதலில் பதிவேற்றுங்கள். ஆராதனை எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், காணிக்கைப் பை வரும்போது புதியவர்கள் ஒன்றும் போட வேண்டியதில்லை, நற்கருணை நேரத்தில் இருக்கையிலேயே இருக்கலாம் என்று சபையிலுள்ள யாராவது ஓர் அம்மா வீட்டில் பேசுவதுபோல் அதில் சொல்லட்டும்.

எங்களிடம் பணம் அதிகம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கூகுள் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ஆலயத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவுசெய்து, வழியைச் சரியான இடத்தில் குறித்து, ஆராதனை நேரத்தையும் எடுத்துப் பேச ஆளிருக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்தால், பாதி வேலை முடிந்தது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம், மஞ்சக்குப்பம், முதுநகர் என்று ஊர் பிரிந்து கிடப்பதால், 'கடலூர்' என்று மட்டும் குறித்துவிட்டால் வெளியூர்க்காரர் முதுநகருக்குப் போவதற்குப் பதிலாகப் பேருந்து நிலையத்திலேயே நின்றுவிடுவார். பண்டிகை நாள்களில் நேரம் மாறும்போது அதையும் மாற்றுங்கள். ஏழு மணி என்று வரைபடம் சொன்னதை நம்பிக் குழந்தையுடன் வந்த குடும்பம், ஆறு மணிக்கே ஆராதனை தொடங்கிவிட்டதைக் கண்டு வாசலிலேயே திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரியில் கோரிமேட்டுப் பகுதியிலுள்ள சபைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஜிப்மர் மருத்துவமனைக்கு நோயாளிகளுடன் பல மாவட்டங்களிலிருந்து வருபவர்கள் நாள்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். மனம் கலங்கிய நிலையில் 'பக்கத்தில் தேவாலயம்' என்று தேடுபவருக்கு, கதவு எப்போது திறந்திருக்கும் என்ற ஒரு வரியைவிடப் பெரிய ஊழியம் வேறில்லை.

ஆராதனையை நேரலையாக ஒளிபரப்ப வேண்டுமா?

முதியவர்களுக்காகவும் நோயுற்றவர்களுக்காகவும் வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்காகவும் ஒளிபரப்பலாம். அதனால் புதியவர்கள் திரளாக வருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் முழு ஆராதனையையும் கைப்பேசியில் பார்ப்பது அரிது; பிரசங்கத்திலிருந்து ஒரே கருத்தை முழுமையாகச் சொல்லும் இரண்டு, மூன்று நிமிடப் பகுதியை வெட்டி எடுத்துப் போட்டால் பார்ப்பார்.

பெரும்பாலான சபைகள் கேமராவுக்குச் செலவழித்துவிட்டு ஒலியைக் கவனிக்காமல் விடுகின்றன. கைப்பேசியின் சொந்த மைக்கை நம்பினால் மின்விசிறிச் சத்தமும் கூரையில் மோதித் திரும்பும் எதிரொலியும் ஆயரின் குரலை விழுங்கிவிடும். ஆலயத்தில் ஏற்கெனவே இருக்கும் மிக்சரிலிருந்து (மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) ஓர் ஒயரை எடுத்து, அந்த ஒலியைக் கைப்பேசி ஏற்கும்படி மாற்றித்தரும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கைப்பேசிக்கோ கணினிக்கோ கொடுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொல் புரியாவிட்டால் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். கைப்பேசியிலிருந்து யூடியூபில் நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினி வழியாகச் செய்ய அந்த வரம்பு இல்லை. ஆனால் முதன்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் சனிக்கிழமை இரவில் தொடங்கிவிட்டு ஞாயிறு காலையில் தவிக்காதீர்கள்.

பாடல்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆலயத்துக்குள் வழிபாட்டின் பகுதியாகப் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே பாடலைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது வேறு செயல். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகளுக்கு உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், நம் பாடகர் குழு தன் குரலிலும் தன் வாத்தியத்திலும் தாராளமாகப் பாடி ஏற்றலாம். ஒரு நிறுவனம் வெளியிட்ட கீபோர்டு ட்ராக்கைப் பின்னணியில் ஓடவிட்டால் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை கோரல் வரும். எங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முழுவதும் அப்படி முடக்கப்பட்டது. அதன்பின் பழைய கீர்த்தனைகளை ஆர்மோனியத்துடன் பாடத் தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் அதிகமானோர் கேட்பது இப்போது அவற்றைத்தான்.

வாட்ஸ்அப் குழுவை எப்படி நடத்துவது?

ஒருமுறை வந்தவரின் எண்ணை அவரைக் கேட்காமல் குழுவில் சேர்ப்பதை உடனே நிறுத்துங்கள். அறிமுகமில்லாத இருநூறு பேருக்கு ஒரு பெண்ணின் எண் போய்ச் சேர்வதை அவர் விரும்பமாட்டார். அதற்கு மாற்றாகச் சேனல் வைத்துக்கொள்ளலாம். அதில் பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் நல்லதுதான். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

ஜெப விண்ணப்பங்களில் மிகுந்த கவனம் தேவை. கருச்சிதைவு, கடன், கணவரின் குடி, மகளின் விவாகரத்து ஆகியவற்றை நல்ல எண்ணத்துடனே குழுவில் எழுதிவிடுகிறோம். ஒரு மணி நேரத்தில் அது உறவினர் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்விடுகிறது. 'ஒரு சகோதரியின் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்' என்று மட்டும் எழுதினால் போதும்.

கைப்பிரதியும் சுவரொட்டியும் இந்தக் காலத்துக்குப் பொருந்துமா?

அச்சு என்பது இந்தக் கடற்கரைத் திருச்சபைகளின் முதல் ஊடகம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலிய மிஷனரிகள் 1712-இல் அச்சுப்பொறியைப் பெற்றுத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். அந்தப் பணியின் கிளையாகத்தான் 1737-இல் கடலூரில் மிஷன் தொடங்கியது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்துச்சென்ற அச்சுப்பொறி சென்னை வேப்பேரி மிஷனுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே மிஷனரி பப்ரிசியுஸின் கையில் தமிழ் நூல்களை அச்சிட்டது. ஆகவே அச்சைப் பழையது என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

கைப்பிரதியைக் கொடுக்கும் முறைதான் மாற வேண்டும். திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குபவர் ஒவ்வொருவர் கையிலும் திணித்தால் அடுத்த பத்தடியில் அது காலடியில் கிடக்கும். வேதவசனம் மிதிபடுவதைக் காண நமக்கே பொறுக்காது. ஒரு சபையார் தம் பெயரையும் எண்ணையும் பின்புறம் கையால் எழுதி, தாம் அறிந்த ஐந்து பேருக்குத் தரும் சிறிய அழைப்பு அட்டை, ஆயிரம் கைப்பிரதிகளைவிடத் தூரம் போகிறது. கிறிஸ்துமஸ் கீத பவனியின்போது தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் கேக்குத் துண்டுடன் அந்த அட்டையைக் கொடுக்கலாம். அந்த நாளில் கொடுப்பதை எந்தச் சமயத்தவரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள். சுவரொட்டியைப் பொறுத்தவரை, உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் சுவரில் ஒட்டாதீர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது.

ஒலிபெருக்கி வைத்து நற்செய்திக் கூட்டம் நடத்தலாமா?

காவல்துறையின் அனுமதி பெற்று நடத்தலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். பண்டிகைகளுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தரலாம்.

அதே 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய முக்கியமான தீர்ப்பு ஒன்று, சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் பற்றி அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில் பிறந்தது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையுள்ள வீட்டின் சன்னல் வழியாக நாம் சத்தத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் அதே வீட்டுக்கு அழைப்பு அட்டையுடன் போக முடியாது.

அற்புத சுகம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்யலாமா?

கூடாது. நோயாளிகளுக்காக ஜெபிப்போம் என்று அறிவிக்கலாம். 'சர்க்கரை நோய், புற்றுநோய் குணமாகும்' என்று அச்சிடக் கூடாது. மந்திரம், தாயத்து முதலியவற்றுக்கு நோய் தீர்க்கும் அற்புத ஆற்றல் உண்டு என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஜெப எண்ணெய்க் குப்பியை அப்படி விளம்பரப்படுத்துபவர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுபவரின் உயிருக்கு நாம் பொறுப்பு. ஜெபம் முடிந்ததும் மருந்தைத் தொடருங்கள் என்று மேடையிலிருந்தே சொல்லுங்கள்.

புயல், வெள்ளம் வரும்போது செய்யும் உதவியை ஊடகத்தில் காட்டலாமா?

இந்தக் கரையில் இந்தக் கேள்வி ஓயாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் என்று எத்தனையோ பார்த்துவிட்டோம். ஆலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டு, வந்தவர் யார் எவர் என்று கேளாமல் சோறு போட்ட சபைகளை மக்கள் இன்றும் மறக்கவில்லை.

உதவி தேவைப்படும் இடத்தையும், எங்கே பொருள் கிடைக்கும் என்பதையும் தெரிவிக்க ஊடகத்தைப் பயன்படுத்துங்கள். அரிசிப் பையை வாங்குபவரின் முகத்தைப் படமெடுக்காதீர்கள். ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்த வாரத்தில், பாய்களை வாங்க வரிசையில் நின்ற ஒரு பாட்டி, எங்கள் வாலிபன் கைப்பேசியைத் தூக்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் பாயை வாங்காமலே போயிருந்தாலும் நான் வியந்திருக்கமாட்டேன். அன்று முதல் பொருள்களின் படத்தையும் தொண்டர்களின் படத்தையும் மட்டுமே போடுகிறோம். நிவாரணப் பையில் கைப்பிரதி வைப்பதையும் நான் எதிர்க்கிறேன். பசித்தவரிடம் உதவியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்திருப்பதாகத் தோன்றச் செய்வது அன்பாகாது.

பிற சமயத்தவரை அழைப்பது சட்டப்படி குற்றமா?

குற்றமில்லை. அரசமைப்பின் 25-ஆவது கூறு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, தம் சமயத்தை வெளிப்படுத்தவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை அளிக்கிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நாம் எடுத்துச் சொல்லலாம், முடிவு அவருடையது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டது என்பதற்காகப் பணம், வேலை, பள்ளி இடம் என்று ஆசை காட்டலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது சுவிசேஷத்துக்கே அவமானம்.

திருமுழுக்குக் கேட்டு வருபவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், சான்றிதழ் பற்றிய உண்மையை முன்கூட்டியே சொல்லுங்கள். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கே பட்டியல் சாதி நிலை உண்டு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நிலை அநீதியானது என்பது என் உறுதியான கருத்து. தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாக அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். இருந்தாலும் அதை மறைத்து ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தால், அவருடைய பிள்ளை கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் நாளில் நம்மைப் பொய்யர் என்பான்.

ஒருமுறை வந்தவர்கள் மறுவாரம் ஏன் வருவதில்லை?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது. கேமரா வாங்கும் முன் இதற்கு விடை தேடும் சபைகள் மிகக் குறைவு.

சிறிய காரணங்களை முதலில் சொல்கிறேன். பலகையில் 'கீ. 120' என்று எழுதியிருக்கும். புதியவருக்கு அது பாட்டு எண் என்றே தெரியாது. வேதபாடத்தின் பக்கத்தைத் தேடுவதற்குள் வாசிப்பு முடிந்துவிடும். எல்லோரும் எழும்பும்போது எழும்பி, உட்காரும்போது தாமதமாக உட்கார்ந்து, கூச்சத்தில் வியர்த்துப் போவார். பாட்டையும் பாடத்தையும் திரையில் காட்டுவதும், பக்கத்தில் இருப்பவர் தம் புத்தகத்தைத் திறந்து நீட்டுவதும் இதைத் தீர்த்துவிடும். எழுந்து நின்று பெயர் சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுக்காதீர்கள். முதல் மாதத்திலேயே சந்தாப் புத்தகத்தை நீட்டாதீர்கள்.

பெரிய காரணம் சாதி. ஆராதனை முடிந்து போர்டிகோவில் நிற்கும் புதியவரிடம் நம்மவர் புன்னகையோடு கேட்கும் முதல் கேள்வி 'எந்த ஊர்?' என்பது. அடுத்தது 'அங்கே எந்தத் தெரு?' என்பது. மூன்றாவது கேள்வி வரும்போது வந்தவருக்கு எல்லாம் புரிந்துவிடும். பதிலைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் புன்னகை ஓர் இழை குறைவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த இளைஞர் கையிலிருந்த தேநீர்க் குவளையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார், பிறகு வரவேயில்லை. எங்கள் முகநூல் பக்கத்தில் அந்த வாரமும் 'எல்லோரும் வாருங்கள்' என்றுதான் எழுதியிருந்தோம், எழுதியவன் நான்.

இது நேற்று வந்த நோயில்லை. புதுச்சேரியில் சம்பா கோயில் என்று வழங்கிய தேவாலயத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745-இல் அவர்கள் அதை எதிர்த்து முறையிட்டபின் அது இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த பூசலையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சுவர் போய்விட்டது. தனிக் கல்லறைத் தோட்டமும், தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்ற வழக்கும் பல ஊர்களில் இன்னும் போகவில்லை. தன் சபையில் இவை இருக்கிறதா என்று ஆயரும் கமிட்டியும் வெளிப்படையாகப் பேசி, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகே விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. வரவேற்புக் குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்கட்டும். ஊரையும் தெருவையும் கேட்கும் வழக்கத்தை மாற்றி, 'சாப்பிட்டீர்களா, எப்படி வந்தீர்கள், திரும்பிப் போகப் பேருந்து இருக்கிறதா' என்று கேட்கப் பழக்குங்கள். புதன்கிழமைக்குள் ஒருவர் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசட்டும். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

வேறு சபையின் உறுப்பினர்கள் எங்கள் காணொளியைப் பார்த்து இங்கே வருகிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா?

அவர்களுடைய ஆயருடன் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனக்கசப்பில் வந்திருந்தால் முதலில் சமாதானத்துக்கு வழி பாருங்கள். ஒரு சபையில் குறைந்த எண்ணிக்கை இன்னொரு சபையில் கூடுவதை வளர்ச்சி என்று அறிக்கையில் எழுதுவது சரியில்லை.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் குழந்தைகளின் படங்களைப் போடலாமா?

பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டும் போடலாம். பிற சமயக் குழந்தைகளும் ஆசையாக வரும் வகுப்பு என்பதால், என்ன சொல்லித்தருகிறோம் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள். 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. குழந்தையின் பெயர், பள்ளி, தெரு ஆகியவற்றைப் படத்துடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

சபையின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், ஆர்வமுள்ள ஒரு தம்பி தன் சொந்த ஜிமெயிலில் சேனலைத் தொடங்கி, நான்கு ஆண்டுகள் உழைத்து வளர்த்தான். அவன் வேலை கிடைத்து வெளிநாடு போனான். பழைய கைப்பேசி எண்ணும் காலாவதியாகிவிட்டது. ஆயரும் அந்த ஆண்டே இடமாற்றம் பெற்றார். இன்றும் அந்தச் சேனலில் முன்னாள் ஆயரின் எண்ணும் பழைய ஆராதனை நேரமும்தான் இருக்கின்றன. அதைப் பார்த்து வருபவர்கள் ஆராதனை முடியும் நேரத்தில் வந்து நிற்கிறார்கள். கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு, திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கும் அதே இரும்புப் பெட்டியில் வையுங்கள். இரண்டு பேருக்கு நிர்வாகி உரிமை கொடுங்கள். புதிய ஆயர் பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்துடன் அந்த உறையும் கைமாறட்டும்.